மனைவிக்குக் காடு கசக்க ஒரு திட்டம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்தாங்கொள்ளி இல்லை. என் மனைவியை எதிர்த்துப் பேசியிருக்கிறேன். அவள் வெளியூர் போன சமயங்களில் பல தடவை பேசியிருக்கிறேன். ஆனால் அவள் வீட்டில் இருக்கும்போதே, வாயைத் திறக்காமலே, அவளை ஜெயித்துக் காட்டுவது என்று போன மழைக்காலத்தின் தொடக்கத்தில் உறுதி எடுத்துக்கொண்டேன். அந்த உறுதி எனக்கு என்ன செய்தது என்பதுதான் கதை.

நான் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஏற்ற இறக்கம் நிறைந்த வாழ்க்கை. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் வாட்ச்மேன் எழுந்து நிற்பார். நான் சரி என்று சொல்லாமல் அங்கே யாரும் மேலே போக முடியாது. என் மனைவி மயக்க மருந்து டாக்டர். ஆபரேஷனுக்குப் படுத்திருக்கிறவரிடம் குடும்பக் கதை கேட்டுக்கொண்டே ஊசியைப் போட்டுவிடுவாள். அவர் மூத்த பையன் பெருமையைச் சொல்லி முடித்து இளையவனுக்கு வருவதற்குள் தூங்கிவிடுவார். ஊசி எப்போது இறங்கியது என்று அவருக்கும் தெரியாது, சுற்றி நிற்கிறவர்களுக்கும் தெரியாது. அவ்வளவு கைராசி. அந்தக் கைராசியை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வருவாள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவளும் ஓய்வு பெற்றவுடன், கடைத்தெருவின் மேலே மூன்றாவது மாடியில் இருந்த எங்கள் ஃபிளாட்டைப் பூட்டிக்கொண்டு, நகரத்துக்கு வெளியே ஓய்வு பெற்றவர்களுக்காகவே கட்டிய ஒரு குடியிருப்புக்கு வந்தோம். எல்லாம் தரைத்தள வீடுகள். மாடி இல்லை. படி இல்லை. லிஃப்ட் என்ற பேச்சே இல்லை. அந்த இடத்தில் என் அனுபவத்துக்கு என்ன மரியாதை இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வீடுகளுக்குப் பின்னால் ஒரு மரத்தோட்டம். ஒவ்வொரு மரத்தின் கழுத்திலும் பெயர்ப் பலகை. அதற்கும் பின்னால் ஒரு குளமும், யாரும் வெட்டக் கூடாது என்று விட்டு வைத்திருக்கும் காப்புக்காடும். இவற்றைப் பராமரிப்பது அங்கே குடியிருப்பவர்களே. களை பிடுங்குவார்கள், நாற்று வளர்ப்பார்கள், நடைபாதையில் மரச்சில்லு கொட்டுவார்கள், பறவைகளுக்குக் கூட்டுப்பெட்டி மாட்டுவார்கள். இதற்குத் தன்னார்வப் பணி என்று பெயர். தன் ஆர்வத்தில் செய்வதாம். என் விஷயத்தில் அது எப்போதுமே அவள் ஆர்வமாகத்தான் இருந்திருக்கிறது.

வரும்போதே ஓர் ஒப்பந்தம் பேசியிருந்தோம். மழைக்காலம் முடிகிறவரை இருந்து பார்ப்பது. இருவரில் ஒருவருக்குப் பிடிக்காவிட்டாலும் மறுபேச்சில்லாமல் ஃபிளாட்டுக்குத் திரும்பிவிடுவது. இதை அவளேதான் சொன்னாள். எனக்கு வந்த மறுநாளே பிடிக்கவில்லை. அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி. பஸ் ஹாரன் இல்லை, கீழ்வீட்டுச் சண்டை இல்லை. காலையில் எதற்காக விழித்தோம் என்றே தெரியவில்லை.

பிடிக்கவில்லை என்று சொல்லிவிட வேண்டியதுதானே என்பீர்கள். உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை போலிருக்கிறது. நான் சொல்லி நாங்கள் திரும்பினால், அப்புறம் ஆயுசுக்கும் அவளுக்கு ஒரு தலைவலி வந்தாலும் "அந்தக் காற்று இருந்தா இப்படி வருமா" என்ற வசனம் வரும். பால் திரிந்தாலும் அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். எனவே பிடிக்கவில்லை என்ற வார்த்தை அவள் வாயிலிருந்துதான் வர வேண்டும். எப்படி வரவழைப்பது?

பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற ஜட்ஜ் ஒருவர். இதுவரை ஒரு களையைக்கூடப் பிடுங்காமல் அந்தக் குடியிருப்பில் வாழ்ந்து வருகிற ஒரே மனிதர். யார் வந்து கூப்பிட்டாலும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று வாய்தா கொடுத்து அனுப்பிவிடுவார். அவரிடம் என் வழக்கைச் சொன்னேன். வராந்தாவில் கண்ணை மூடியபடி முழுவதும் கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று நான் எழுந்தபோது தீர்ப்பு வந்தது. உன் மனைவிக்குக் காட்டின் மேல் ஆசை என்றால் காட்டைத் திகட்டத் திகட்டக் கொடு. இருக்கிற எல்லா வேலையிலும் அவளைச் சேர்த்துவிடு. முழங்கால் ஒரு பக்கமும் முதுகு ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டால் அவளே பெட்டி கட்டுவாள்.

எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டு, அன்றே தன்னார்வத் தொண்டர்களின் தலைவியைப் பார்க்கப் போனேன். அந்த அம்மாள் ஓய்வு பெற்ற பல் டாக்டர். வாழ்நாளெல்லாம் பல் பிடுங்கியவர், இப்போது களை பிடுங்குகிறார். மரப்பொந்தைப் பார்த்தால் சொத்தை என்பார். கிளை வெட்டும்போது இவர் முகத்தைப் பார்த்தால் மரமே வாயைத் திறந்துவிடும். அவரிடம் என் மனைவியின் பெருமையை அளந்தேன். அவளுக்குக் காடு என்றால் உயிர் என்றேன். கூச்ச சுபாவம், தானாக வந்து கேட்க மாட்டாள், நீங்கள்தான் எல்லா வேலையும் கொடுத்து உற்சாகப்படுத்த வேண்டும் என்றேன். பல் டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இப்படி ஒரு கணவரைத் தான் பார்த்ததே இல்லை என்றார். எனக்கே கொஞ்சம் கண் கலங்கியது.

அன்று மாலை மனைவிக்கு விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது. காலையில் களை, பிறகு நாற்றுப்பண்ணையில் தண்ணீர் ஊற்றுவது, கூட்டுப்பெட்டிகளைப் பார்ப்பது, குளக்கரைப் பாதைக்கு மரச்சில்லு. எல்லாம் அவள் தலையில். நான் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் காத்திருந்தேன். அவள் கோபப்படவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எனக்காக நீங்களாவே போய்ப் பேசினீங்களா?" என்று கேட்டாள். குரலில் அப்படி ஒரு குழைவு. ராத்திரிச் சாப்பாடு என்ன வேண்டும் என்றாள், பெண் போன் பண்ணினாளா என்றாள், எங்கள் கல்யாணத்தின்போது என் மீசை எப்படி இருந்தது தெரியுமா என்றாள். நான் மீசையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்ததில், அவள் நடுவே ஒன்று கேட்டதும் நான் சரி என்றதும் எனக்குச் சரியாக நினைவில்லை. முதல் நாள் மட்டும் துணைக்கு நானும் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருந்தேனாம்.

துணைக்குப் போனேன். கொடுத்த கையுறை அவளுக்குப் பெரிதாக இருந்தது. என் கையில் போட்டுப் பார்த்தாள். கச்சிதமாக இருந்தது. கையுறையைப் போட்டவன் சும்மா நின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றாள். மரங்களை மூடிக்கொண்டு ஊதாப் பூ பூக்கும் ஒரு கொடி. அதை விதை விடுவதற்குள் வேரோடு எடுக்க வேண்டும். நான் எடுத்தேன். அவளுக்கு முழங்கால் லேசாக இழுத்துப் பிடித்ததால் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். என் திட்டம் இவ்வளவு சீக்கிரம் வேலை செய்கிறதே என்று நான் மகிழ்ந்துபோனேன். நாற்றுப்பண்ணையில் பூவாளி கனமாக இருந்தது. நான் ஊற்றினேன். கூட்டுப்பெட்டி பார்க்க ஏணியில் ஏற வேண்டும். "ஏறி இறங்கறது உங்க தொழிலாச்சே" என்று பல் டாக்டருக்கு முன்னால் பெருமையாகச் சொன்னாள். நான் ஏறினேன். மரச்சில்லுத் தள்ளுவண்டியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் கை அதுவாகவே அதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

மறுநாளும் துணைக்குப் போனேன். அடுத்த நாளும். களை எடுத்தவன் களைத்துப் போக, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் முகத்தில்தான் களை கூடிக்கொண்டே வந்தது. பிளாஸ்கில் டீ கொண்டுவருவாள். பல் டாக்டரும் வந்து பக்கத்தில் உட்கார்வார். இரண்டு பேரும் ஏதோ குசுகுசுவென்று பேசிச் சிரிப்பார்கள். ஒருத்தி மயக்கம் கொடுக்கிறவள், இன்னொருத்தி பிடுங்குகிறவள். நடுவில் படுத்திருப்பது யார் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஜட்ஜிடம் மேல்முறையீட்டுக்குப் போனேன். வேலையைக் கெடுத்துவிடு, அவர்களே உன்னையும் உன் மனைவியையும் விரட்டிவிடுவார்கள் என்று யோசனை சொன்னார். அதன்படி, மறுநாள் ஊதாக்கொடியை விட்டுவிட்டு, பார்க்கவே பாவமாக இருந்த ஒரு வகைச் சின்னச் செடியைத் தேடித் தேடிப் பிடுங்கினேன். பளபளவென்று இரண்டே இலை. எப்படியும் யாராவது ஆசையாக நட்டதாக இருக்கும். ஒரு பெரிய குவியலாகச் சேர்த்து, பல் டாக்டரின் காலடியில் கொட்டிவிட்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

அவர் குனிந்தார். ஒன்றை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு எல்லாரையும் கூப்பிட்டார். ஊதாக்கொடி முளைக்கும்போது இப்படித்தான் இருக்குமாம். வளர்ந்த பிறகு இலையின் வடிவமே மாறிவிடுமாம். இத்தனை நாள் எல்லாரும் பெரிய கொடியைப் பிடுங்கிக்கொண்டு, குட்டியை நல்ல செடி என்று தாண்டித் தாண்டி நடந்திருக்கிறார்கள். "பால்பல்லா இருக்கும்போதே பிடிச்சிட்டீங்களே சார்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அன்றே என்னைக் களைக் குழுவுக்குத் தலைவன் ஆக்கினார்கள். "அவருக்கு எப்பவுமே கூர்ந்த பார்வை" என்றாள் என் மனைவி, டீயை ஆற்றியபடி.

இதற்குப் பின் கெடுப்பதற்கும் தெம்பில்லாமல் நான் வேலையைச் செய்யத் தொடங்கினேன். சரி, மழை விடும்வரைதானே என்று சொல்லிக்கொண்டேன். அப்போதுதான் அந்த ஆந்தை வந்து என் வாழ்க்கையில் நுழைந்தது.

காப்புக்காட்டின் ஓரத்தில் உயரமான ஒரு மரத்தில் மாட்டியிருந்த கூட்டுப்பெட்டியில் ஆந்தை குஞ்சு பொரித்திருந்தது. ஒரு நாள் காற்றும் மழையும் அடித்து ஓய்ந்த காலையில் போய்ப் பார்த்தால், பெட்டி ஒரு பக்கமாகச் சரிந்து தொங்குகிறது. கீழே ஈர இலைகளின் மேல் ஒரு குஞ்சு. பஞ்சுருண்டைக்குக் கண் வைத்ததுபோல. தாய் ஆந்தை பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து என்னையே பார்த்தது. அந்தப் பார்வை எனக்குப் புதிதில்லை. எதையாவது சாப்பாட்டு மேஜையில் சிந்திவிட்டால் வீட்டில் எனக்குக் கிடைக்கிற அதே பார்வை.

ஏணி வைக்க வழியில்லை. மரத்தைச் சுற்றிலும் தண்ணீர் தேங்கிச் சேறாகிவிட்டது. ஏணிக் கால் உள்ளே இறங்குகிறது. என்ன செய்யலாம் என்று எல்லாரும் பேசினார்கள். வெளியே இருந்து ஆள் வரவழைக்கலாம் என்றார் ஒருவர். ஆள் வருவதற்குள் குஞ்சு தாங்காது என்றார் பல் டாக்டர். நான் மேலே பார்த்தேன். பெட்டிக்கு மேல் நல்ல தடிமனான கிளை. நல்ல உயரம். எத்தனையோ வருஷம் நான் பார்த்து வந்த சமாசாரம்தான் இது. கீழே இருப்பது மேலே போக வேண்டும், ஆடாமல் அசையாமல் போக வேண்டும்.

கயிற்றின் நுனியில் கல் கட்டி அந்தக் கிளையின் மேல் எறிந்தேன். முதல் கல் வேறு மரத்துக்குப் போயிற்று. அடுத்தது பல் டாக்டரின் குடைக்குப் போயிற்று. கடைசியில் கிளை மேல் விழுந்தது. கப்பியைக் கட்டி மேலே ஏற்றினேன். ஒரு பக்கம் கூடை, மறுபக்கம் அதற்குச் சரியான எதிர் எடையாக மண் நிரப்பிய சின்னப் பை. முதலில் வெறும் கூடையை ஏற்றிச் சரிந்த பெட்டியின் அடியில் கொடுத்து, கயிற்றை இழுத்து, பெட்டியை நிமிர்த்தி, இன்னொரு கயிற்றை அதைச் சுற்றி வீசி மரத்தோடு அசையாமல் கட்டினேன். பிறகு கூடையை இறக்கி, குஞ்சைத் துணியால் எடுத்து உள்ளே வைத்தேன். உள்ளங்கையில் அதன் நெஞ்சு டுப் டுப் என்று அடித்துக்கொண்டது. எனக்கும்தான். மெதுவாகக் கயிற்றை விட்டேன். கூடை ஒரு குலுக்கல் இல்லாமல் மேலே போனது. வாசல் மட்டத்தில் நிறுத்தினேன். குஞ்சு தத்தி உள்ளே போனது. சற்றுப் பொறுத்துத் தாயும் பறந்து வந்து உள்ளே தலையை நீட்டியது.

ஜட்ஜ்கூட அன்று எழுந்து வந்திருந்தார். திரும்பிப் பார்த்தேன். என் மனைவி பெஞ்சில் இல்லை. சேற்றில் முழங்கால்வரை இறங்கி எனக்குப் பின்னால் நின்று, கயிற்றின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முழங்கால் வலியைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு என்னை யாரும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. விடிந்ததும் ஆந்தையைப் பார்க்கப் போய்விடுவேன். அப்படியே நாற்றுக்குத் தண்ணீர். அப்படியே குளக்கரை. மற்றக் கூட்டுப்பெட்டிகளுக்கும் கயிறும் கப்பியும் மாட்டினேன். ஏணி ஏற முடியாதவர்களும் இப்போது கீழே நின்றபடி பெட்டியை இறக்கிச் சுத்தம் செய்யலாம். என்னை எல்லாரும் இன்ஸ்பெக்டர் சார் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் சரி என்று சொல்லாமல் அந்தக் காட்டில் எந்தப் பெட்டியும் மேலே போவதில்லை.

குஞ்சுகள் பறந்து போன வாரத்தில் மழை விட்டது. அன்று வீட்டுக்குள் நுழைந்தால், என் மனைவி தரையில் உட்கார்ந்து பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். என்ன இது என்று கேட்டேன்.

"எனக்கு இந்த இடம் பிடிக்கலைங்க" என்றாள். "பேசினபடி திரும்பிப் போயிடலாம்."

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்பதற்காக நான் என்ன பாடெல்லாம் பட்டேன். கேட்டவுடன் நெஞ்சில் கல் விழுந்ததுபோல இருந்தது. நான் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன், நல்ல காத்துதானே?"

"காத்தை வச்சுக்கிட்டு என்னங்க பண்றது. வாய் விட்டுப் பேச ஆள் வேண்டாமா. நீங்க விடிஞ்சா காட்டுக்குப் போயிடறீங்க. நான் சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"டாக்டரம்மா இருக்காங்களே."

"அவங்க வந்தா எங்க உக்கார வைக்கறது? முன்ரூம் முழுக்க உங்க சாய்வு நாற்காலி."

நாற்காலியை வராந்தாவுக்கு மாற்றிவிடலாம் என்றேன். அவள் ஒரு டம்ளரைச் சுற்றினாள். சாயங்காலம் தோழிகள் நாலு பேர் சேர்ந்து பாட்டுப் பாடினால் உங்களுக்குத் தலைவலி வருமே என்றாள். வராது என்றேன். எனக்குப் பாட்டு என்றால் உயிர் என்றேன். இன்னொரு டம்ளரைச் சுற்றினாள். காலையில் எழுந்து டீ போட்டு, உங்கள் சேற்றுத் துணியைத் துவைத்து, இந்த வயதில் என்னால் ஆகுமா என்றாள். டீயை நான் போடுகிறேன், துணியை நானே துவைத்துக்கொள்கிறேன் என்றேன். அவள் பெரிய வாணலியைக் கையில் எடுத்தாள். அதைச் சுற்றுவதற்குள் பாத்திரம் கழுவுவதையும் நான் ஏற்றுக்கொண்டேன்.

வாணலியைக் கீழே வைத்தாள். என்னை உற்றுப் பார்த்தாள்.

"இத்தனையும் உங்க விருப்பம்தானே? நான் வற்புறுத்தலையே?"

"என் விருப்பம்தான்."

"நாளைக்கு ஒரு கஷ்டம் வந்தா, இருக்கலாம்னு சொன்னது நீங்கதான்னு சொல்லுவேன்."

"தாராளமா சொல்லு."

"உங்களுக்காகத்தான் ஒத்துக்கறேன்" என்று பெருமூச்சு விட்டாள். சுற்றிய பாத்திரங்களைப் பிரித்து மறுபடி அடுக்கும் வேலையையும் எனக்காகவே விட்டுக்கொடுத்தாள்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நேரே ஜட்ஜ் வீட்டுக்குப் போனேன். போகிறேன் என்று பெட்டி கட்டியவளைப் பேசியே நிறுத்திவிட்டேன், இது பேச்சுத் திறமை, எல்லாருக்கும் வராது என்று விவரமாகச் சொன்னேன். அவர் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மேல்கொண்டு கருத்து எதுவும் சொல்ல விரும்பவில்லை என்றார். அவருக்குப் பொறாமை என்று எனக்குப் பட்டது.

மறுநாள் காலை. முதல் டீ. அடுப்பில் பால் பொங்கி வருகிறது. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். சமையல் மேடையில் இருந்த அவளுடைய போன் அடித்தது. எடுத்தேன். ஓர் இளைஞரின் குரல். மேடம் இல்லையா என்று மரியாதையாகக் கேட்டது. நீங்கள் யார் என்றேன்.

"மூணாவது மாடி ஃபிளாட்ல குடியிருக்கேன் சார். சமையல்ரூம் குழாய் ஒழுகுது. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

எந்த மூன்றாவது மாடி என்று கேட்டேன். சொன்னார். கடைத்தெருவின் மேலே. எங்கள் கதவு எண்.

"எப்பலேருந்து?"

"முந்தாநாள்லேருந்து ஒழுகுது சார்."

"குழாய் இல்ல தம்பி. நீங்க எப்பலேருந்து?"

"நீங்க காலி பண்ணின அடுத்த வாரமே நாங்க வந்துட்டோமே சார். அப்ப மழைகூட ஆரம்பிக்கலை. மேடத்தோட தங்கச்சிதான் சாவி குடுத்தாங்க. வீடு ரொம்ப வசதியா இருக்கு சார். நாங்க இப்போதைக்குக் காலி பண்ற மாதிரி இல்லை."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. குளியலறைக் கதவு திறந்தது. என் மனைவி தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, என் முகத்தைப் பார்த்தாள், என் கையில் இருந்த போனைப் பார்த்தாள், அடுப்பை அணைத்தாள்.

"யாருங்க?"

"குழாய் ஒழுகுதாம்" என்றேன்.

"ஆமா, அது அப்பப்ப ஒழுகும். வாஷர் மாத்திக்கச் சொல்லுங்க" என்றாள். "டீ ஆச்சா?"